தடைக்காலத்தில் எடுத்த விரல்

சௌந்தரத்துக்குக் கடல் பிடிக்காது. அதை அவள் மறைத்ததும் இல்லை. கடலூர் துறைமுகத்தை ஒட்டிய குப்பத்தில் பத்து வருஷம் குடித்தனம் நடத்தியும், காற்று கிழக்கிலிருந்து திரும்பினால் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோவாள். பெண்ணாடத்துப் பக்கம் கரும்புக் கொல்லைக்காரர் வீட்டுப் பெண். கடலூரில் ஒரு ரெடிமேட் கடையில் வேலை பார்த்தபோது, சட்டை எடுக்க வந்த சுப்பராயலு ஒரே சட்டையை மூன்று நாள் வந்து மாற்றிக்கொண்டு போனான். நாலாவது நாள் அவளே கேட்டுவிட்டாள்.

“ஒங்களுக்கு சட்டை வேணுமா, வேற எதுனா வேணுமா?”

கல்யாணம் ஆனது. அவளுடைய அண்ணன் அன்றைக்கு விட்ட பேச்சை இன்றுவரை எடுக்கவில்லை. குப்பத்தில் அவளுக்குக் கரும்புக்காரி என்று பெயர். “கரும்புக்காரி, நெத்திலி ஆயத் தெரிஞ்சுதா, இல்ல இன்னும் தோல சீவிக் கடிச்சிக்கிட்டுதான் இருக்கியா?” என்பார்கள். கேலியில் விஷம் இருக்காது. அவளும் சிரித்துக்கொண்டு போய்விடுவாள்.

அந்தக் குப்பத்துக்கு அவளை ஒட்டவைத்தது மகன் எழிலனின் இடது கால். சுண்டு விரலுக்கு வெளிப்பக்கம் இன்னொரு விரல், நகத்தோடு, எலும்போடு, பக்கவாட்டில் எட்டிப் பார்த்தபடி இருந்தது. பிரசவம் பார்த்த நர்ஸ் துணியைச் சுற்றிக்கொண்டே சொன்னாள். “ஒரு வெரல் ஜாஸ்தி. ஒரு வயசு ஆவட்டும், எடுத்துடலாம். சின்ன ஆப்பரேஷன்தான்.”

அந்த ஒரு வயசு வருவதற்குள் காரியம் கைமீறிவிட்டது. நாற்பதாம் நாள் சுப்பராயலு பிள்ளையைத் துறைமுகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனான். அங்கே தட்சிணாமூர்த்தியின் புது விசைப்படகுக்குப் பூசை நடந்துகொண்டிருந்தது. தட்சிணாமூர்த்திக்கு மூன்று படகு. குப்பத்தில் அவர் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் உட்காருவார்கள். ஆறு விரல் கால் பட்டால் கடல் வெறுங்கையோடு அனுப்பாது என்ற பேச்சு அந்தக் கரையில் முன்பே உண்டு. சோதித்துப் பார்க்கத்தான் கால் கிடைத்ததில்லை. அவர் பிள்ளையை வாங்கி, ஆரத்தித் தட்டில் இடது காலை முக்கி, படகின் முகப்பில் அழுத்தினார். படகு அன்றைக்கு இறாலோடு வந்தது.

அதற்குப் பிறகு எந்தப் படகு புதிதாக இறங்கினாலும், எந்த வலை மாற்றினாலும், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து முதல் நாள் போனாலும் எழிலனைத் தூக்கிப் போனார்கள். தடத்தின்மேல் சிவப்பு எனாமல் பூசி அழியாமல் வைத்தார்கள். எட்டு வயசுக்குள் நாற்பத்தேழு படகில் அவன் கால் இருந்தது. வலை இழுத்துக்கொண்டிருந்த சுப்பராயலு, தட்சிணாமூர்த்தியின் படகுக்கே டிரைவர் ஆனான். அவனுக்குத் தொழில் தெரியும். ஆனால் தொழிலுக்காகக் கிடைத்த இடம் இல்லை அது என்றும் தெரியும்.

விரல் வளர வளர வளைந்தது. பள்ளிக்கூட ஷூவின் ஓரத்தைப் பிளேடால் கிழித்து விரலுக்கு ஜன்னல் வைத்தாள் சௌந்தரம். கிழிந்த ஓரம் விரலை அறுத்தது. காய்ப்பு வந்தது. மழைக்காலத்தில் சீழ் வைத்தது. பத்து நாளைக்கு ஒரு தடவை வெந்நீரில் கழுவும்போது பையன் தலையணையைக் கடித்துக்கொள்வான். விளையாட்டுப் பீரியடில் சுவரோரம் உட்கார்ந்து மற்றவர்களின் செருப்புக்குக் காவல் இருப்பான். ஆனால் படகில் கால் வைக்கக் கூப்பிட்டால் முதல் ஆளாக ஓடுவான். ஐம்பது ஆம்பிளைகள் வழிவிட்டு நிற்க, நடுவே தூக்கப்பட்டுப் போவது அவனுக்குப் பிடித்திருந்தது. வலிக்கிற விரலும் அந்த விரலும் ஒன்றுதான் என்பது தெரியாத மாதிரி இருந்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அவன் கால் வைத்த வேறொருவரின் படகிலிருந்து ஒருவன் விழுந்து செத்தான். பக்கத்து வீட்டுத் தைலம்மாளின் ஒரே மகன் செந்தமிழ்செல்வன், இருபத்திரண்டு வயசு. முகத்துவாரத்தில் அலை அடித்துத் தூக்கிப் போட்டது. மூன்றாம் நாள் பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒதுங்கினான். குப்பம் ஒருநாள் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் தட்சிணாமூர்த்தி காரணத்தைக் கண்டுபிடித்தார்.

“கால் வச்ச ஈரம் காயறதுக்குள்ள போட்ட எடுத்துட்டான் அந்த டிரைவரு. ராசி என்னா பண்ணும்?”

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். தைலம்மாளும்தான். துக்கம் விசாரிக்க அம்மாவோடு வந்த எழிலனை இழுத்து, அந்தக் காலை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. பையனுக்கு ஆப்பம் கொடுப்பாள், காலை ஒற்றிக்கொள்வாள்.

சௌந்தரம் பயந்தது அன்றைக்குத்தான். ஒரு சாவுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அடுத்த சாவுக்கும் கிடைக்கும். என்றைக்காவது ஒருநாள் கிடைக்காமல் போகும். அன்றைக்கு எல்லோரும் திரும்பி எந்தக் காலைப் பார்ப்பார்கள்? அதற்குள் அந்த விரல் போய்விட வேண்டும். தன் பிள்ளை பத்தோடு பதினொன்றாகத் தெருவில் நடந்து போக வேண்டும். அவள் வேண்டியது அவ்வளவுதான்.

புருஷனிடம் சொன்னாள்.

“எடுத்துடலாம் மாமா. புள்ள நொண்டிக்கிட்டுக் கெடக்குறான்.”

“எடுத்துட்டு?”

“எடுத்துட்டு எல்லாப் புள்ள மாதிரி இருக்கட்டும்.”

“எல்லாப் புள்ள மாதிரி இருந்தா அவுங்கப்பன் எல்லா அப்பன் மாதிரி வலைதான் இழுக்கணும்.” சுப்பராயலு சிரித்துக்கொண்டே சொன்னான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான். “இந்தப் பேச்ச வெளிய எடுக்காத. கடல் எப்ப கொடுக்கும், எப்ப கொடுக்காதுன்னு யாருக்கும் தெரியாது. வெரல எடுத்த மாசம் மீன் இல்லன்னா நம்மள இங்க வாழ விடமாட்டானுங்க.”

அவன் பேச்சிலேயே அவள் வழி பார்த்துக்கொண்டாள். மீன் இல்லாவிட்டால்தானே பழி? யாருமே மீன் பிடிக்காத காலத்தில் எடுத்துவிட்டால்? ஏப்ரல் பதினைந்து முதல் அறுபத்தொரு நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. ஒரு மீனுக்கும் யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியாத காலம் அது. சுப்பராயலு வருஷா வருஷம் அந்த மாதங்களில் கேரளாவுக்குத் தொழிலுக்குப் போய்விடுவான். பள்ளிக்கூடமும் லீவு. இத்தனையும் ஒன்றாக வாய்த்ததைச் சாமி காட்டிய வழி என்றே அவள் நினைத்தாள்.

அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, பெண்ணாடத்திலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள் என்று குப்பத்தில் சொன்னாள். “பரவால்லயே, கரும்பு மறுபடி இனிக்குதா?” என்று வழியனுப்பினார்கள். பையனைக் கூட்டிக்கொண்டு சிதம்பரத்தில் இறங்கினாள். ரெடிமேட் கடையில் கூட வேலை பார்த்த மோகனப்பிரியா அங்கே வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஒரு அறை கொடுத்தாள், கேள்வி கேட்கவில்லை.

எலும்பு டாக்டர் அருள்மொழி ஐம்பது வயசுக்காரி. கண்ணாடிக்கு மேலே பார்ப்பவள். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து சௌந்தரத்துக்கும் காட்டினாள். பாதத்தின் ஓரத்தில் நீளமாக வரும் ஒரே எலும்பு, முனையில் அகன்று, இரண்டு விரலைத் தாங்கிக்கொண்டிருந்தது.

“வெளிய இருக்கறத எடுத்தா மட்டும் போதாதும்மா. இந்த எலும்போட தலையைக் கொஞ்சம் செதுக்கணும். இல்லன்னா அங்க முட்டி மாதிரி நின்னு செருப்பு இடிக்கும். அப்புறம் தசைநார இழுத்து சுண்டு விரல்ல தைக்கணும். ஒரு வயசுல வந்திருந்தா வேலை சுலபம். எட்டு வருஷம் என்ன பண்ணீங்க?”

“போட்டுல வச்சிக்கிட்டு இருந்தாங்க டாக்டர்.”

டாக்டருக்குப் புரியவில்லை. கேட்கவும் நேரமில்லை. “அப்பா வரலையா?”

“கேரளாவுல இருக்காரு.”

“சொல்லிட்டீங்கல்ல?”

“சொல்லிட்டேன்” என்று கையெழுத்துப் போட்டாள்.

பையனிடம் சீழ் எடுக்கப் போகிறார்கள் என்றுதான் சொல்லியிருந்தாள். காலையில் ஒரு வாய் தண்ணீர்கூட கொடுக்காமல் கூட்டிப் போனாள். மயக்கம் தெளிந்தபோது முழங்கால்வரை மாவுக்கட்டு இருந்தது. விரல் நுனிகள் மட்டும் பஞ்சுக்குள்ளிருந்து தெரிந்தன. வலியில் அவன் எண்ணிப் பார்க்கவில்லை. இரண்டு வாரம் கழித்துத் தையல் பிரிக்கக் கட்டை அவிழ்த்தபோதுதான் பார்த்தான்.

பாதத்தின் ஓரத்தில் கறுப்பு நூல் வரிசை. சுண்டு விரல் கோணாமல் நிற்க அதற்குள் ஒரு மெல்லிய கம்பி செருகியிருந்தது. வெளியே நீட்டிய நுனியைத் தூண்டில் முள் மாதிரி வளைத்துவிட்டிருந்தார்கள். எழிலன் கம்பியைப் பார்க்கவில்லை. அதற்குப் பக்கத்தில் இருந்த வெறும் இடத்தைப் பார்த்தான். அழவில்லை.

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“சொல்லிக்கலாம்.”

மூன்று நாள் அவளோடு பேசவில்லை. சோற்றை மோகனப்பிரியாவிடம்தான் கேட்டான். நாலாம் நாள் தானாகவே வந்து படுத்தான். சௌந்தரம் அவன் தலையைத் தடவிக்கொண்டே, நானும் இவனைக் கேட்காமல்தானே அந்தக் காலில் கைவைத்தேன், தட்சிணாமூர்த்தி மாதிரியே, என்று நினைத்தாள். அந்த நினைப்பு நன்றாக இல்லை. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள்.

நாலு வாரம் முடிந்து டாக்டர் குறடால் கம்பியை உருவினாள். மே கடைசியில் பையன் ஊன்றி நடந்தான். ஜூன் பத்தாம் தேதி, தழும்பு காய்ந்த காலோடு இருவரும் குப்பத்துக்கு வந்தார்கள். சுப்பராயலு முதல் நாளே கேரளாவிலிருந்து வந்துவிட்டிருந்தான். பையனைத் தூக்கித் தலைக்குமேல் பிடித்தான். பிடித்தபடியே கால் அவன் முகத்துக்கு நேராக வந்தது.

கீழே இறக்கினான். குனிந்து ஒரு விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான். மறுபடியும் எண்ணினான்.

“வெட்டிட்டியா?”

“எடுத்தாங்க. டாக்டர்.”

“யாரு சொல்லி?”

“நான்தான்.”

அடித்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவன் போய்க் கதவைச் சாத்தினான். “பதினேழு போட்டுக்காரன் சொல்லி வச்சிருக்கான். இன்னும் அஞ்சு நாள். நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அங்க போய் நிப்பேன்?”

“மீதி அஞ்சையும் நல்லா அழுத்தி வக்கிறேம்பா” என்றான் எழிலன்.

அப்பன் அவனைப் பார்க்கவில்லை. “அம்மை போட்டிருக்குன்னு சொல்லிடலாம்” என்றான். அம்மை போட்ட வீட்டுக்குள் வெளியாள் வரமாட்டான். அம்மை போட்ட பிள்ளையை யாரும் படகுக்குக் கேட்க மாட்டார்கள். சௌந்தரத்துக்கு வாய் கூசியது. ஆனாலும் வேப்பிலை ஒடித்துவந்து வாசலில் செருகியது அவள் கைதான்.

மூன்று நாள் ஓடியது. நாலாம் நாள் தைலம்மாள் இளநீரோடு வந்தாள். அவளை வெளியாள் என்று யாரும் நிறுத்த முடியாது. அம்மை கண்ட வீட்டுக்கு மாரியாத்தாளுக்கென்று வருகிறவள்.

“எங்க என் ராசிக்காலு?” என்று பாயண்டை உட்கார்ந்தாள். சௌந்தரம் அடுப்படியிலிருந்து வருவதற்குள் போர்வையை விலக்கி, வழக்கம்போல் அந்தக் காலைக் கையில் எடுத்துவிட்டாள். கண்வரைக்கும் கொண்டுபோனவள் பாதி வழியில் நிறுத்தினாள். காலைத் திருப்பித் தழும்பைப் பார்த்தாள். பையனின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒரு கொப்புளம் இல்லை.

போர்வையை இழுத்து மூடினாள். “அம்மை எறங்கிடுச்சி போலிருக்கே” என்றாள். இளநீரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பொழுது சாய்வதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சண்டைக்கு யாரும் வரவில்லை. தட்சிணாமூர்த்தி ஆள் விட்டு சுப்பராயலுவிடம் சொன்னார். “நீ இந்தத் தபா கரையில இரு மச்சான். மாரியாத்தா பேர்ல பொய் சொன்னவன போட்டுல ஏத்த முடியாது. மத்தத கடல் கேக்கட்டும்.”

கடல் என்ன கேட்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுபோல் இருந்தது. தெரு முழுக்க அதற்காகக் காத்திருந்தது. பதினைந்தாம் தேதி விடியற்காலம் படகுகள் ஒவ்வொன்றாக முகத்துவாரத்தைத் தாண்டின. எதிலும் புதுத் தடம் இல்லை. சௌந்தரம் வீட்டுக்குப் பின்னால் போய்க் கிழக்கே பார்த்து விளக்கேற்றினாள். பத்து வருஷத்தில் முதல் தடவையாக மூக்கை மூடாமல் நின்றாள். மீன் கொடு என்று கேட்டாள். வெறும் வலையோடு வந்தால் தன் பிள்ளை இங்கே நடமாட முடியாது, நிறையக் கொடு என்று வாய்விட்டே கேட்டாள்.

கடல் கொடுத்தது.

சாயங்காலம் நாலு மணிக்கு முதல் படகு திரும்பியபோது தண்ணீரில் அழுந்தி வந்தது. அடுத்ததும் அப்படியே. சங்கரா, கணவா, இறால், வஞ்சிரம் என்று கூடை கூடையாக இறங்கியது. ஐஸ் போதவில்லை. ஏலக்காரனின் தொண்டை கட்டிவிட்டது. செய்தி கேட்டு சௌந்தரம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினாள். பின்னாலேயே எழிலனும் ஓடினான். நொண்டாமல் அவன் ஓடுவதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். மீன் குவியல்களுக்கு நடுவே நின்று சிரித்தாள். “பாத்தீங்களா, பாத்தீங்களா” என்று யாரிடமோ சொன்னாள்.

தட்சிணாமூர்த்தி ஐஸ் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. கணக்குப் போடுகிற முகம்.

“ஒரு போட்டுலயும் கால் வைக்கல” என்றார். “இவ்ளோ மீனு இந்தப் பத்து வருஷத்துல நான் பாத்தது இல்ல. அப்ப, இத்தினி வருஷமா எது தடுத்துச்சு?”

சுற்றி நின்றவர்கள் கூடையைக் கீழே வைத்தார்கள்.

“எம் போட்டு எஞ்சின் ரெண்டு தடவ வெடிச்சுது” என்றான் ஒருவன். “கால் வச்ச அதே வாரம்.”

“எனக்குப் புது வலை பாறையில மாட்டுச்சி.”

“எங்கண்ணன் போட்டு ஆந்திராக்காரன்கிட்ட சிக்குனது?”

ஆளாளுக்கு எடுத்து வைத்தார்கள். எட்டு வருஷத்து நஷ்டமும் அந்த நிமிஷத்துக்காகவே அவரவர் மடியில் பத்திரமாக இருந்தது போலிருந்தது. நாற்பத்தேழு படகில் எட்டு வருஷத்தில் நடக்கக்கூடியதெல்லாம் நடந்திருந்தது. மீன் கிடைத்த நாட்களை ஒருத்தரும் சொல்லவில்லை.

தைலம்மாள் இறால் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எழுந்து வந்தாள்.

“எம் மவன் போன போட்டுல கால் வச்சது இவந்தானே?”

“அக்கா” என்றாள் சௌந்தரம். எதையாவது சொல்லிப் பிள்ளையைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். “அந்த வெரலு வேணாம், எடுத்துடலாம்னு நான் அப்பலேர்ந்து சொல்லிக்கிட்டுதான் இருந்தேன். எங்க வூட்டுக்காரருதான் கேக்கல.”

எப்பேர்ப்பட்ட வார்த்தை அது என்று சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. தைலம்மாள் தலையை ஆட்டினாள், மெதுவாக.

“அப்ப ஒனக்குத் தெரிஞ்சிருக்கு. எம்புள்ள செத்தப்பவே தெரிஞ்சிருக்கு. எங்கிட்ட சொல்லாம, நான் அந்தக் கால எடுத்துக் கண்ணுல ஒத்திக்கறத பாத்துக்கிட்டு நின்ன.”

“அப்படி இல்லக்கா…”

தைலம்மாள் அதற்குமேல் கேட்கவில்லை. படித்துறையில் இறங்கினாள். டீசல் மிதக்கிற தண்ணீரை அள்ளி அள்ளிக் கண்ணைக் கழுவினாள். கண் சிவந்து வீங்கும்வரை கழுவினாள். யாரும் போய்ப் பிடிக்கவில்லை. எழிலன் அம்மாவின் புடவைக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரமே தடங்களைச் சுரண்டினார்கள். எனாமல் ஊறிய பலகையில் சிவப்பு போகவில்லை. பட்டி பார்த்து, நீலம் அடித்தார்கள். சுப்பராயலுவை எந்தப் படகிலும் சேர்க்கவில்லை. ஐஸ் பாரம் இறக்கப் போனான். சாராய வாடையோடு வந்து, “எடுத்திருக்கவே கூடாது. இல்ல, பொறந்த அன்னைக்கே எடுத்திருக்கணும்” என்று ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னான். பள்ளிக்கூடத்தில் பையனுக்கு மீன்வெரட்டி என்று பெயர் வந்தது. இப்போது அவனால் கிழிக்காத ஷூ போட முடியும், ஓட முடியும். ஓட்டப் பந்தயத்துக்கு வரிசையில் நின்றால் பக்கத்தில் நிற்க ஆள் இல்லை.

மூன்றாவது வாரம் மீன் குறைந்தது. தடைக்காலம் முடிந்த புதிதில் அள்ளிக் கொடுத்துவிட்டுப் பிறகு குறைவது வருஷா வருஷம் நடப்பதுதான். இருந்தாலும் ஒருநாள் தட்சிணாமூர்த்தி நாலு பேரோடு தெருவில் வந்தவர், குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த எழிலன் எதிரே நின்றார். அந்த மூன்று வாரத்தில் ஒரு பெரியவர் அவனுக்காக நின்றது அதுதான் முதல் தடவை. குனிந்து அவன் காலைப் பார்த்தார்.

“ஒண்ணு எடுத்ததுக்கே ரெண்டு வாரம் கொட்டிக் கொடுத்தா கடலாத்தா” என்றார் கூட வந்தவர்களிடம். “இன்னும் அஞ்சு இருக்கு, பாக்கலாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். போகிறபோது பையனின் தலையை லேசாகத் தட்டிவிட்டும் போனார். எழிலன் குடம் வழிவதைக்கூட கவனிக்காமல் அவர் போன திசையைப் பார்த்து நின்றான். அன்று ராத்திரி நெடுநாளைக்குப் பிறகு இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். சௌந்தரம் அதைப் பார்த்து, பிள்ளை தெளிந்துவிட்டான் என்று நினைத்தாள்.

ஜூலை கடைசியில் சிதம்பரத்துக்குக் கடைசிப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனாள். டாக்டர் தழும்பை அழுத்திப் பார்த்தாள். நுனிக்காலில் நிற்கச் சொன்னாள், குதிக்கச் சொன்னாள். புது எக்ஸ்ரேயில் எலும்பு நேராக இருந்தது.

“ரொம்ப நல்லா வந்திருக்கு. எந்த ஷூ வேணா போடலாம். ஃபுட்பால் ஆடலாம். இனிமே வரவே தேவையில்ல.”

எழிலன் மேசையைவிட்டு இறங்கவில்லை. “டாக்டர், இதையும் எடுத்துடுவீங்களா?” என்று சுண்டு விரலைப் பிடித்துக் காட்டினான்.

“ஏண்டா, அது என்ன பண்ணுச்சு உன்ன?”

“எடுத்தா மீன் வரும். தட்சிணாமூர்த்தி மாமா சொன்னாரு. ஒண்ணுக்கு ரெண்டு வாரம். அஞ்சையும் ஒரே தடவையா எடுக்க வேணாம். தீரத் தீர வந்து எடுத்துக்கறேன்.” ஏற்கெனவே யோசித்து வைத்திருந்த குரல். “ஊசி போட்டா நான் அழ மாட்டேன். அம்மாவக் கேளுங்க.”

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தாள். “நல்ல பையன்மா. வக்கீலுக்குப் படிக்க வைங்க” என்றாள். அடுத்த நோயாளியைக் கூப்பிடச் சொல்லி மணி அடித்தாள்.

சௌந்தரம் சிரிக்கவில்லை. பையனின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். கடலூர் பஸ் புறப்படத் தயாராக நின்றது. எழிலன் அதன் படியில் ஒரு காலை வைத்துவிட்டான். அவள் அவனை இழுத்துக்கொண்டு விருத்தாசலம் பஸ் பக்கம் நடந்தாள்.

“இது நம்ம பஸ் இல்லம்மா.”

“தெரியும்.”

“எங்கம்மா போறோம்?”

“பெண்ணாடம்.” அங்கே கதவைத் திறப்பது அண்ணன்தான். திறந்து என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியாது. மாற்றுத்துணிகூட கையில் இல்லை.

பையன் நின்றுவிட்டான். “நான் வரல. நாளைக்கு மாமாகிட்ட சொல்லணும். டாக்டர் சிரிச்சாங்க, மாட்டேன்னு சொல்லல.”

அவள் தூக்கினாள். எட்டு வயசுப் பிள்ளை, கனத்தான். திமிறினான். “மறுபடியும் என்னைக் கூப்பிடுவாங்கம்மா, என்னைத்தான் கூப்பிடுவாங்க” என்று கத்தினான். கண்டக்டர், “ஏம்மா, அடிச்சி இட்டுக்கினு போறியா புள்ளைய?” என்று எட்டிப் பார்த்தார். பயணிகள் எழுந்து நின்று பார்த்தார்கள். எழிலன் குனிந்து அவள் மணிக்கட்டைக் கடித்தான். பல் இறங்கியது. சௌந்தரம் இன்னொரு கையால் கம்பியைப் பிடித்துப் படியேறினாள். ஜன்னலோரம் அவனை உள்ளே தள்ளி, வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் இன்னும் கடித்துக்கொண்டுதான் இருந்தான்.

“ஒண்ணரை டிக்கெட்” என்றாள் கண்டக்டரிடம்.